கண்ணாடிக்குப் பின்னால் தூங்கியவர்

"என்னைத் தூங்க விடாம பண்ண இந்த உலகத்துல ஒரு கொம்பன் இனிமேதான் பொறக்கணும்!" என்று மெத்தைக்காரர் ஒருமுறை பிரகடனம் செய்தார். இடம், முடிதிருத்தும் கடை. அப்போது அவர் முகத்தில் பாதி நுரை இருந்தது. பிரகடனத்தை முடித்த கையோடு தூங்கிப்போனார். மீதிப் பாதி முகத்தை, வரிசையில் காத்திருந்த ஒரு புண்ணியவான் தலையைப் பிடித்துக்கொள்ள, முடிதிருத்துபவர் சிரைத்து முடித்தார். உலக வரலாற்றில் எத்தனையோ வீரர்கள் சபதம் செய்திருக்கிறார்கள். செய்த நிமிடமே நிரூபித்தும் காட்டியவர்கள் குறைவு.

அது வெற்றுப் பேச்சு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி தூங்குவார். மின்கட்டண வரிசையில் தூங்குவார். வரிசை நகர்ந்தால் கால்கள் தாமாக ஓரடி எடுத்து வைக்கும், கண்கள் அந்த விவகாரத்தில் தலையிடாது. கல்யாணப் புகைப்படங்களில் ஒன்றில்கூட அவர் கண் திறந்திருக்கவில்லை. மாப்பிள்ளைக்கு வெட்கம் அதிகம் என்று நினைத்து அவர் மனைவி முதல் சில மாதங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு உண்மை தெரிந்துவிட்டது. பெருமை போய்விட்டது, கணவர் இருந்தார்.

இப்படிப்பட்டவருக்கு மெத்தைக் கடையில் வேலை கிடைத்ததை விதி என்பதா, நிர்வாகத் திறமை என்பதா என்று தெரியவில்லை. மருந்துக்கடைக்கும் கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்கும் நடுவில், தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடியோடு இருந்தது அந்தக் கடை. உள்ளே நுழைந்தால் புது ஃபோமின் வாசனை. நடந்தால் காலுக்கடியில் பிளாஸ்டிக் உறைகளின் சரசரப்பு. பஞ்சு மெத்தைகள் ஒரு சுவரோரம், நார் மெத்தைகள் எதிர்ச் சுவரோரம், ஸ்பிரிங் மெத்தைகள் நடுவில் கல்யாண மாப்பிள்ளைகளைப் போல விறைப்பாக. இருபது வருடமாக மெத்தைக்காரர் அங்கே விற்பனையாளர். வாங்க வந்தவர்கள் தயங்கினால், "முகம் பார்க்காம கல்யாணம் பண்ணலாம், படுத்துப் பார்க்காம மெத்தை வாங்கக் கூடாது. இப்படிப் படுக்கணும்" என்று சொல்லிச் சாய்ந்து காட்டுவார். "படுக்கணும்" என்ற சொல்லுக்குப் பிறகு வேறு சொல் வராது. குறட்டைதான் வரும்.

முதலாளிக்குத் தூக்கம் வராது. மனத்துக்குள் எப்போதும் வியாபாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஆரம்பத்தில் அவர் இதைக் கண்டு கொதித்தார். ஆனால், விற்பனையாளர் வாயைப் பிளந்து கிடப்பதைக் கண்ட தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "இதையே குடுத்துடுங்க" என்று சொன்ன அன்று அவருக்கு ஞானம் பிறந்தது.

"யோவ், இவ்வளவு பெரிய வரத்தை வெச்சுக்கிட்டுப் பின்னாடி நின்னு ரசீது கிழிச்சுக்கிட்டு இருந்திருக்கியே!" என்றார்.

அன்றைக்கே கண்ணாடியை ஒட்டி ஒரு கட்டில் போடப்பட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் காட்சி. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தார்கள். வங்கி அதிகாரி ஒருவர் தினமும் வந்து நின்று, பெருமூச்சு விட்டுவிட்டு, திரும்ப வங்கிக்குப் போனார். சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குகிறவர்கள் எல்லா அலுவலகங்களிலும் உண்டு. தூங்குவதற்கென்றே சம்பளம் வாங்கியவர் அந்தத் தெருவில் இவர் ஒருவர்தான்.

அவரைப் பொறுத்தவரை தூக்கம் என்பது வெறும் முன்வாசல். உள்ளேதான் கனவு. நார் மெத்தைக் கனவில் மலை ஏறுவார். ஸ்பிரிங் மெத்தைக் கனவில் ரயில் வரும். பஞ்சு மெத்தையில் செத்துப்போன சித்தப்பா வந்து பழைய கோபத்தையெல்லாம் மறந்து பேசுவார். ஆனால் கொஞ்ச காலமாக எந்த மெத்தையில் படுத்தாலும் ஒரே கனவுதான் வந்தது. தண்ணீர்க் கனவு.

அகலமான படிகள் தண்ணீருக்குள் இறங்கும். இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் இறங்குவார். இடுப்பு, மார்பு, கழுத்து, பிறகு தலை. தலை முழுகியதும் உலகத்தின் சத்தம் யாரோ கதவைச் சாத்தியதுபோல் நின்றுவிடும். கீழே ஒரு தெரு. தெருவிளக்குகள் பச்சையாக எரியும். கடைகள் திறந்திருக்கும்; யாரும் பேரம் பேச மாட்டார்கள். நாற்காலிகள் மெல்ல மிதந்து போகும், அவற்றில் உட்கார்ந்திருப்பவர்கள் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்வார்கள். மூச்சு விடவேண்டிய தொல்லையே கிடையாது. இன்னும் ஒரு தெரு, இன்னும் ஒரு படிக்கட்டு, கடைசியில் ஒரு கதவு. கதவுக்கு அப்பால் ஏதோ பெரிய அமைதி இருக்கிறது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். கைப்பிடியில் கை வைப்பார். அந்த நேரம் பார்த்து மேலே எங்கிருந்தோ ஒரு பெண் குரல் கூப்பிடும். என்ன சொல்கிறது என்று விளங்காது, தண்ணீர் சொற்களைக் கரைத்துவிடும். அடுத்த கணம் யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்ததுபோல் தெரு, விளக்கு, நாற்காலி எல்லாம் கீழே கீழே போக, இவர் மேலே வந்துவிடுவார்.

காலையில் தேநீரோடு இதை மனைவியிடம் சொல்வார், வெளிநாடு போய்வந்தவர் சொல்வதுபோல.

"நேத்தும் அந்தக் கதவு வரைக்கும் போயிட்டேன்மா. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா தொறந்திருப்பேன். அதுக்குள்ள கூப்பிட்டுட்டா."

"யாரு?"

"அதான் தெரியல. யாரோ ஒரு மகராசி. ஒருத்தன் நிம்மதியா இருந்தா பொறுக்காது போல."

"அவளுக்கு வேற வேலை இல்ல பாருங்க" என்பாள் மனைவி. அவள் கண்கள் இரண்டும் சிவந்திருக்கும்.

மகராசி யார் என்பதை வாசகரிடம் மறைப்பதற்கில்லை. மெத்தைக்காரர் படியிறங்கும் அதே நேரத்தில், மேல் உலகமாகிய கட்டிலில் நடப்பது இதுதான்: மரம் அறுப்பதுபோல் ஓடிக்கொண்டிருந்த குறட்டை, பாதி மரத்தில் நின்றுவிடும். குறட்டைச் சத்தத்தில் தூங்கப் பழகியவள் அந்த அமைதியில்தான் விழித்துக்கொள்வாள். பார்த்தால் அவர் மார்பு அசையாது. உதடு நிறம் மாறிக்கொண்டு வரும். இவள் தோளைப் பிடித்து உலுக்குவாள், கூப்பிடுவாள், மறுபடி உலுக்குவாள். பிறகு ஒரு பெரிய செருமலோடு மூச்சு திரும்பும். அவர் புரண்டு படுப்பார். அவள் எழுந்து உட்கார்ந்து, அடுத்த முறைக்காகக் காத்திருப்பாள். ஒவ்வொரு ராத்திரியும் இப்படிப் பல முறை. ஒரு முறை தான் அசந்து தூங்கிவிட்டால் அவர் அந்தக் கதவைத் திறந்துவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

அவளுக்குப் பகலிலும் உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலைதான். பாட்டில் தொழிற்சாலையில், வெள்ளை விளக்குக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து போகும். எதில் குமிழி, எதில் கீறல் என்று கண்டுபிடித்து எடுத்துப் போட வேண்டும். கண்ணைத் திறந்தபடியே தூங்கிப்போன ஒரு மதியம், வாய் உடைந்த பாட்டில் ஒன்று அவளைத் தாண்டி, பெட்டிக்குள் போய், லாரி வரைக்கும் போய்விட்டது. மேற்பார்வையாளர் கத்தவில்லை. "உங்க கண்ணை நம்பித்தாம்மா இந்த வரிசையே ஓடுது. இன்னொரு தடவை ஆச்சுன்னா மூடி எண்ணுற எடத்துலதான் உக்கார வேண்டியிருக்கும்" என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அன்று சாப்பிடும்போது ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஒரு டாக்டரைப் பாருங்க."

"எதுக்கு?"

"உங்க தூக்கத்துக்கு."

"தூக்கம் வராதவன்தானே டாக்டரைப் பார்ப்பான்? எனக்குத்தான் கொட்டுதே! வேணும்னா நீ போய்ப் பாரு. கண்ணு ரெண்டும் தக்காளி மாதிரி இருக்கு."

"அது யாரால?"

"அந்த பாட்டிலாலதான். நாள் பூரா லைட்டையே மொறைச்சுப் பார்த்தா என்ன ஆகும்?"

"ராத்திரி உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு போகுதுங்க. நான்தான் எழுப்பறேன்."

"நின்னா நான் எப்படி இங்க உக்காந்து சாப்பிடறேன்?" என்று கேட்டுவிட்டு மெத்தைக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். வாதத்தில் ஜெயித்தவரின் பார்வை. மனைவி கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்ட வேகத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மறுநாள் அவள் உணவு இடைவேளையில், தொழிற்சாலைச் சுவரோரம் நின்று செல்போனில் விசாரித்தாள். தூக்கத்துக்கென்றே படித்த ஒரு டாக்டரம்மா தொலைவில் பெரிய நகரத்தில் இருந்தார். செல்போன் வீடியோவிலேயே நோயாளிகளைப் பார்ப்பார். இவள் கணவரின் எண்ணைக் கொடுத்தாள். "அவரா கூப்பிட மாட்டார் டாக்டர். நீங்க கூப்பிட்டாத்தான் உண்டு" என்றாள். கணவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னால் அந்த நேரம் பார்த்துச் செல்போனை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு அதன்மேலேயே தூங்கிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

நல்ல யோசனைதான். ஆனால் அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அந்த வாரம்தான் முதலாளி வீடியோ விற்பனையைத் தொடங்கியிருந்தார். கடைக்கு வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே கூப்பிடலாம், மெத்தை செல்போனில் காட்டப்படும், படுத்தும் காட்டப்படும். கடை வாசல் பலகையில் எழுதியிருந்த எண் மெத்தைக்காரருடையது.

சாப்பாட்டுக்குப் பிறகு, கண்ணாடிக் கட்டிலில் அவர் விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தபோது செல்போன் ஒலித்தது. திரையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள்.

"வணக்கம் சார். நான் டாக்டர் பேசறேன். என்னைத் தெரியுதா?"

"பளிச்னு தெரியறீங்க டாக்டரம்மா! உக்காருங்க, உக்காருங்க." டாக்டர்களுக்கு இடுப்புவலி அதிகம், நல்ல மெத்தையாக எடுப்பார்கள் என்பது அவருடைய தொழில் அனுபவம்.

"உக்காந்துதான் சார் இருக்கேன். தூக்கம் எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

எந்த வாடிக்கையாளரும் இவ்வளவு நேராக விஷயத்துக்கு வந்ததில்லை. மெத்தைக்காரர் உள்ளம் குளிர்ந்தார்.

"தூக்கமா? படுத்தா போதும், ஆளை அப்படியே உள்ள இழுத்துக்கும்."

"பகல்லயும் தூக்கம் வருதா?"

"பகல், ராத்திரின்னு பாகுபாடே கிடையாது."

"சும்மா உக்காந்திருக்கும்போது?"

"ஓரத்துல உக்காந்தாலே கண்ணைக் கட்டும், டாக்டரம்மா. ஓரம் அவ்வளவு கெட்டி."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனா கொஞ்சம் நின்றது. "காலையில எழுந்தா தலைவலி இருக்கா?"

"அதெல்லாம் பழைய மாடல்ல. இதுல எழுந்திரிக்கவே மனசு வராது."

"பக்கத்துல படுக்கறவங்களுக்குத் தொந்தரவு உண்டா?"

"இந்தப் பக்கம் யானை புரண்டாலும் அந்தப் பக்கம் ஒரு அசைவு தெரியாது! எழுதிக் குடுக்கறேன்."

"உங்க மனைவி வேற மாதிரி சொன்னாங்களே சார்?"

"அவளா?" மெத்தைக்காரர் அதிர்ந்தார். "அவ இதுல படுத்ததே இல்லையே டாக்டரம்மா! ஆனா உங்களை எங்கிட்ட அனுப்பி வெச்சா பாருங்க, கெட்டிக்காரி. சொல்றதைவிடப் படுத்தே காட்டிடறேன். இப்ப பாருங்க. இப்படி மல்லாந்து..."

செல்போனைத் தலையணையில் சாய்த்து வைத்தார். தாமும் சாய்ந்தார். அவ்வளவுதான்.

டாக்டரம்மாவுக்குத் திரையில் ஒரு முகவாய், இரண்டு மூக்குத் துவாரங்கள், மேலே மெதுவாகச் சுற்றும் மின்விசிறி, அதற்கும் பின்னால் தெருக்கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கும் சப்பையான குழந்தை மூக்குகள் ஆகியவை தெரிந்தன. எத்தனையோ நோயாளிகளைப் பார்த்தவர். பரிசோதனைக்கு நடுவில் பார்வையாளர் கூட்டத்தோடு தூங்கிப்போனவரை இப்போதுதான் பார்க்கிறார். இணைப்பைத் துண்டிக்கவில்லை. குறட்டை எழுந்தது, உயர்ந்தது, நின்றது. மார்பு அசையவில்லை. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு எழுந்தே நின்றுவிட்டார்.

"சார்! சார்! யாராவது இருக்கீங்களா அங்க?"

சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்தார். தலையணைமேல் ஒரு வாடிக்கையாளர் முகம் ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவர் முகம் மலர்ந்தது.

"பாருங்க மேடம், எப்படிக் கல்லு மாதிரி கிடக்கறான் பாருங்க! நடிப்பே இல்ல. உங்களுக்கு எந்த சைஸ் வேணும்?"

"அவர் மூச்சு விடல! முதல்ல எழுப்புங்க!"

"எழுப்பினா எஃபெக்ட் கெட்டுடும் மேடம்."

"நான் டாக்டர்ங்க!"

"டாக்டருங்களுக்குத் தள்ளுபடி உண்டு மேடம்."

அதற்குள் மெத்தைக்காரரிடமிருந்து ஒரு பெருஞ்செருமல் கிளம்பியது. உடம்பு தூக்கிப் போட்டது. கண்ணாடிக்கு வெளியே பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் கண்ணைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்: "...படுத்தா முதுகெலும்பு நேரா இருக்கும், டாக்டரம்மா."

டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சார், நான் மெத்தை வாங்க வரல. உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். நீங்க தூங்கினதை முழுசாப் பார்த்தேன்."

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் மெத்தைக்காரர், கலைஞர்களுக்கே உரிய அடக்கத்தோடு.

"பயமா இருந்துச்சு."

இருபது வருடத்தில் அவர் தூக்கத்துக்கு இப்படி ஒரு விமர்சனம் வந்ததில்லை. மனம் நொந்து வீடு திரும்பினார். "உன் டாக்டரம்மாவுக்குப் பயமா இருந்துச்சாம். ஊரே நின்னு பார்க்குது, அவங்களுக்குப் பயமாம்!" என்றார். மனைவி நாற்காலியில் உட்கார்ந்தாள். ரொம்ப நாளாக ஒரு மூட்டையைத் தனியாகச் சுமந்துவந்தவள், இன்னொரு கை அதில் பட்டதும் உட்காருவதுபோல் இருந்தது அது.

டாக்டரம்மா அவளிடம் ஒரு வேலை சொல்லியிருந்தார். வீட்டில் அவர் தூங்குவதை ஒரு ராத்திரி வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அவள் அனுப்பினாள். வார விடுமுறை நாள் மாலையில் டாக்டரம்மா மறுபடி வீடியோவில் வந்தபோது, சமையலறை மேஜையில் சர்க்கரை டப்பாவில் செல்போனைச் சாய்த்து வைத்து, கணவனும் மனைவியும் புகைப்படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள்போல் நெருக்கமாக உட்கார்ந்தார்கள்.

"சார், அந்த வீடியோவை நீங்களே ஒரு தடவை பார்த்துடுங்க. அப்புறம் பேசுவோம்" என்றார் டாக்டரம்மா.

"என் திறமையை நானே பார்க்கறதா? பார்த்துடுவோம்."

மனைவி தன் செல்போனில் அதை ஓடவிட்டாள். மங்கலான வெளிச்சம். தமது வாய் இவ்வளவு பெரியது என்று மெத்தைக்காரருக்கு அதுவரை தெரியாது. குறட்டையைக் கேட்டு, "இது கொஞ்சம் அதிகப்படிதான்" என்று ஒப்புக்கொண்டார். பிறகு அது நின்றது. படம் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் படத்தில் எதுவும் நகரவில்லை. படம் பார்ப்பவரும் தம்மை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டார். படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. மணிக்கட்டில் தொழிற்சாலை அடையாள அட்டையின் கயிறு சுற்றியிருந்தது. கை அவர் தோளைப் பிடித்து உலுக்கியது. பிறகு குரல் வந்தது, சாந்தமாக, பல முறை சொல்லிப் பழகிய குரல்.

"போதுங்க. மேல வாங்க. கதவைத் தொறந்துடாதீங்க. மேல வாங்க."

படத்திலிருந்தவர் செருமிக்கொண்டு மேலே வந்தார்.

சமையலறையில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவை போடு" என்றார் மெத்தைக்காரர். போட்டாள். "இன்னொரு தடவை" என்றார். இந்த முறை அவர் தம்மைப் பார்க்கவே இல்லை; அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது தினமுமா?"

"தினமும்தான்."

"அப்போ நீ எப்ப தூங்குவே?"

"வேலைக்குப் போற பஸ்ஸுல."

மகராசி என்றும் பொறுக்காதவள் என்றும் தாம் சொன்னதெல்லாம் தேநீர்க் கோப்பைகளோடு வரிசையாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். திரையில் டாக்டரம்மா, மேஜைக்கடியில் எதையோ தேடுபவர்போல் குனிந்து ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"டாக்டரம்மா, கிடைச்சுதா?" என்றார் மெத்தைக்காரர் கடைசியில். "கிடைச்சா மேல வாங்க. நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க."

செய்ய வேண்டியவை செய்யப்பட்டன. பக்கத்து மருத்துவமனையில் ஒரு பரிசோதனை, பிறகு மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு முகமூடி, அதில் குழாய், குழாய்க்கு அப்பால் காற்றைத் தள்ளும் சின்னப் பெட்டி. தொண்டைக்குள் மூடிக்கொள்ளும் வழியை அந்தக் காற்று திறந்தே வைத்திருக்கும். பகலோ ராத்திரியோ, எப்போது தூங்கினாலும் மாட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும். முதல் நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "யானை ஒண்ணு நம்ம வீட்டுக்கு வந்திருக்கு" என்றார். மனைவி சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

பெரிய துக்கம் முதலாளிக்குத்தான். முகமூடியோடு கண்ணாடிக் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தார். தெருவில் ஒரு குழந்தை அழுதது. "நாம மெத்தை விக்கறோமா, ஆஸ்பத்திரி நடத்தறோமா?" என்று கழற்றச் சொன்னார். கழற்றினால் தூங்கக்கூடாது, போதாக்குறைக்கு, ராத்திரி ஒழுங்காகத் தூங்கியவருக்குப் பகலில் தூக்கமும் வரவில்லை. கொழுகொழு மெத்தையில் கிடந்து, தொட்டில் குழந்தைபோல் விழித்து விழித்துப் பார்த்தார். தெருவில் நின்றவர்கள் தர்மசங்கடப்பட்டுக் கலைந்தார்கள். வங்கி அதிகாரிகூட வருவதை நிறுத்திக்கொண்டார். கட்டிலில் தலையணைகள் கோபுரமாக அடுக்கப்பட்டன. மெத்தைக்காரர் உள்ளே போய், மற்ற விற்பனையாளர்களைப்போல் நின்றுகொண்டு, வாயால் பேசி விற்கும் கேவலத்துக்கு ஆளானார்.

மூன்றாவது முறை டாக்டரம்மா வீடியோவில் வந்தபோது மெத்தைக்காரர் ஒரு குறை சொன்னார்.

"மிஷின் நல்லா வேலை செய்யுது டாக்டரம்மா. ஆனா அந்தத் தெரு போயிடுச்சு. இப்பல்லாம் பஸ்ஸைத் தவறவிடற மாதிரி, செருப்பைக் காணோம்னு தேடற மாதிரித்தான் கனவு வருது. எல்லாருக்கும் வர்றதுதான் எனக்கும் வருது."

"அந்தத் தெரு நல்ல எடம் இல்ல சார்."

"விளக்கெல்லாம் நல்லா எரிஞ்சுது டாக்டரம்மா" என்றார், ஊரை விட்டு வந்தவரின் குரலில்.

"சரி, உங்க மனைவி தூங்கறாங்களா?"

மெத்தைக்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். இல்லை. மூச்சு நிற்பதில்லை, உலுக்க வேண்டியதில்லை, பெட்டி மட்டும் மெல்ல இரைந்துகொண்டிருக்கும். ஆனாலும் அந்தந்த நேரத்துக்கு அவள் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். முகமூடிக்கு மேல் உள்ளங்கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்க்கிறாள். வருகிறது. அப்படியும் படுக்க முடிவதில்லை. கண்கள் இன்னும் தக்காளியாகத்தான் இருந்தன.

"அவங்க உடம்பு இன்னும் காவல் காக்குது சார். அதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல" என்றார் டாக்டரம்மா. "கொஞ்சம் கொஞ்சமாத்தான் நம்பிக்கை வரணும்."

மெத்தைக் கடையின் அடுத்த விடுமுறை நாள். காலை நேர வேலையை முடித்துவிட்டு மனைவி மதியம் வந்தாள். சாப்பிட்டதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெளியே மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் திரை வயிறு உப்பி உப்பி அடங்கியது. மின்விசிறி தன் பாட்டுக்குச் சுற்றியது. கட்டிலில் இருந்தது கடையிலேயே உயர்ந்த ரக மெத்தை. துக்கத்தில் இருந்த முதலாளி ஒரு பலவீனமான தருணத்தில் கொடுத்தது. ஒருவரைத் தூங்கவைக்க இதைவிட நல்ல சதித்திட்டம் யாரும் தீட்ட முடியாது.

"நீங்க படுக்கலையா? மிஷினை எடுத்துத் தரட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். நீ படு."

"நீங்க?"

"நான் தூங்கப் போறதில்ல. தூங்காதவனுக்கு மூச்சு நிக்காது, பார்த்துக்க வேண்டியதும் இல்ல. நீ படு."

"நீங்களாவது, தூங்காம இருக்கறதாவது!"

"பேசாம படும்மா."

அவள் சும்மா அவர் சொல்லுக்காகச் சாய்ந்தாள். தொழிற்சாலைத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. அவரைப் பார்த்தபடியே கிடந்தாள், ஏமாற்றுகிறாரா என்று. அவர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு, கண்ணை நன்றாகத் திறந்து காட்டினார். அவள் உதட்டோரம் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு கலைவதற்குள் தூங்கிவிட்டாள்.

மழை பெய்யத் தொடங்கியது. செல்போன் அதிர்ந்தது. கூப்பிட்டவர் முதலாளி. மெத்தைக்காரர் அதை அணைத்து வைத்தார். தண்ணீர் கேன் கொண்டுவந்தவர் வாசலில் வாயைத் திறக்குமுன் ஓடிப்போய் உதட்டில் விரல் வைத்தார். அந்த ஆள் ஏதோ சாவு வீடு என்று நினைத்துக்கொண்டு கேனைப் பூனைபோல் இறக்கிவிட்டுப் போனார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது, அவள் தூக்கத்திலேயே கை நீட்டித் துழாவிக்கொண்டிருந்தாள். தம் கையைக் கொடுத்தார். அவள் அதைத் தன் கன்னத்தடியில் வைத்துக்கொண்டாள். அவளிடமிருந்து மெல்லிய ஒரு குறட்டை எழுந்தது. அதைப் பற்றி அவர் பின்னால் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

கை மரத்தது, பிறகு தோள் மரத்தது. மழை சன்னமாகி, ஒரே சீராக, தாலாட்டுவதுபோல் விழுந்துகொண்டிருந்தது. திரை உப்பி அடங்கியது. அறையில் வெளிச்சம் குறைந்து, பச்சையாகி, சாம்பலாகி, போயேபோய்விட்டது. விளக்கைப் போட எழுந்தால் கையை எடுக்க வேண்டும் என்று அவர் எழவில்லை. அவள் மார்பு ஏறுவதையும் இறங்குவதையும் இருட்டில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கொட்டாவி வந்தது. வாயைத் திறந்தால் சத்தம் கேட்குமே என்று, அதை அப்படியே விழுங்கினார்.